கொத்தமல்லிக் கட்டு எத்தனை முறை நனைகிறது? சந்தைத் தண்ணீரும் காய்கறிப் பாதுகாப்பும்: முழுமையான வழிகாட்டி

உழவர் சந்தையில் நாம் வாங்கும் கொத்தமல்லிக் கட்டு, வயலிலிருந்து நம் வீட்டு அம்மிக்கோ மிக்ஸிக்கோ வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் ஐந்து முறை நனைந்துவிடுகிறது. பாசன நீரில் ஒருமுறை, பிடுங்கியவுடன் வேர் மண்ணை அலசும் வாய்க்காலிலோ தொட்டியிலோ ஒருமுறை, இரவுப் பயணத்தில் மேலே போர்த்தும் ஈரச்சாக்கில் ஒருமுறை, கடையில் வாடாமலிருக்கத் தெளிக்கும் தண்ணீரில் பலமுறை, கடைசியாக வீட்டுச் சமையலறையில் ஒருமுறை. ஒவ்வொரு நனைப்பிலும் அந்தத் தண்ணீரில் உள்ளது கட்டின்மேல் ஏறுகிறது. கட்டில் இருப்பதைவிடத் தண்ணீர் தூய்மையாக இருந்தால் நனைப்பதால் நன்மை உண்டு. அழுக்காக இருந்தால் ஒரு கட்டில் இருந்த கிருமி அதே வாளியில் முக்கிய நூறு கட்டுகளுக்கும் பரவும். சந்தைச் சுகாதாரம் என்றதும் தரையைப் பெருக்குவதும் குப்பையை அள்ளுவதுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அவையும் வேண்டியவைதான், ஆனால் நோய் பரவும் முதன்மையான வழி தண்ணீர் என்பதால், இந்த வழிகாட்டி தண்ணீரின் பின்னாலேயே செல்கிறது.

மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14 அன்று முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. விளைவித்தவரே விற்பவராக இருக்கும் அந்த ஏற்பாடு தண்ணீரைப் பொறுத்தவரை ஒரு வாய்ப்பைத் தருகிறது: மேலே சொன்ன ஐந்து நனைப்புகளில் நான்கு ஒரே குடும்பத்தின் கையில் இருக்கின்றன. மண்டி வழியாக வரும் சரக்கில் இப்படி அமைவது அரிது. ஆகவே இங்கே கூறப்படுபவை முதலில் உழவர் சந்தையில் கடை போடுவோருக்கும் சந்தையை நிர்வகிப்போருக்கும், பிறகு தள்ளுவண்டி வணிகருக்கும், இறுதியில் வாங்கிச் செல்வோருக்கும் உரியவை.

எந்தச் சரக்கில் கவனம் வேண்டும்

எல்லாக் காய்க்கும் ஒரே அளவு உழைப்பைச் செலவிடத் தேவையில்லை. நம் சமையலில் கத்தரிக்காய், அவரை, முருங்கை, பூசணி, சேனை ஆகியவை கொதித்தோ வதங்கியோதான் இலைக்கு வருகின்றன. அந்த வெப்பத்தில் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவற்றை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிடும். கவலைப்பட வேண்டியவை பச்சையாக உண்ணப்படுபவை: கடைசியில் தூவும் கொத்தமல்லி, துவையலுக்கும் சட்னிக்கும் அரைக்கும் புதினா, தயிர்ப் பச்சடிக்கான வெங்காயமும் வெள்ளரியும், கேரட், தக்காளி, கொய்யா, திராட்சை, வெட்டி விற்கும் தர்பூசணியும் அன்னாசியும். இவற்றுள் இலைகள்தாம் மிகவும் இடர் நிறைந்தவை. பரப்பு அதிகம், மடிப்பு அதிகம், தரைக்கு அருகில் வளர்கின்றன, தோலை உரிக்கவும் வழியில்லை. ஒரு விற்பனையாளர் தம் கடையில் பச்சையாக உண்ணப்படும் சரக்கை ஒருபுறமும் சமைக்கும் சரக்கை மறுபுறமும் பிரித்து அடுக்கினாலே நல்ல தண்ணீரை எங்கே செலவிடுவது என்பது தெளிவாகிவிடும்.

முதல் படி: நனையும் இடங்களை எழுதுங்கள்

ஒரு தாளில், அறுவடையிலிருந்து விற்பனை வரை உங்கள் சரக்கு எங்கெங்கே ஈரமாகிறது, அந்த ஈரம் எந்த மூலத்திலிருந்து வருகிறது, அந்தத் தண்ணீர் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது என்று எழுதுங்கள். சாக்கு நனைப்பதையும், பனிக்கட்டி உருகி வழிவதையும், தரையிலிருந்து தெறிப்பதையும் விட்டுவிடாதீர்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு நனைப்பும் உண்மையிலேயே தேவைதானா என்று கேட்டுப் பாருங்கள். வெங்காயம், உருளை, சேம்பு முதலியவற்றை உலர்ந்தபடியே துடைத்து விற்கலாம். கழுவி ஈரத்தோடு அடுக்குவதால் அவை விரைவில் அழுகும். தேவையற்ற நனைப்பைக் கைவிடுவதே செலவில்லாத முதல் பாதுகாப்பு.

இரண்டாம் படி: வயல் நீர்

கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் ஓடைநீரைவிடப் பொதுவாகப் பாதுகாப்பானவை. சாக்கடை கலந்த வாய்க்கால் நீர் எல்லாவற்றிலும் மோசமானது. அமெரிக்காவின் யூமா பகுதியில் 2018இல் விளைந்த, பச்சையாக உண்ணும் ரோமைன் கீரையால் 210 பேர் நோயுற்று 5 பேர் இறந்தபோது, நோயை உண்டாக்கிய அதே கொடிய ஈ.கோலை (மலத்தோடு வெளியேறும் குடல் நுண்ணுயிரி) வகை அப்பகுதியின் பாசனக் கால்வாய் நீரில் கண்டறியப்பட்டது. வேறு நீருக்கு வழியில்லாத உழவர் இரண்டு காரியங்களைச் செய்யலாம். இலைமேல் விழும்படி தெளிக்காமல் வேருக்குச் சொட்டுநீராகவோ பார்வழியாகவோ பாய்ச்சலாம். அறுவடைக்கு முந்தைய சில நாள்கள் அந்த நீரை நிறுத்திவைக்கலாம். வெயிலிலும் வறட்சியிலும் இலைப்பரப்பில் உள்ள நுண்ணுயிரிகள் நாள்தோறும் குறைந்துகொண்டே வரும். கீரையில் மூன்று நாள் தண்ணீர் விடாவிட்டால் வாடுமே என்ற தயக்கம் நியாயமானது. அந்த நாள்களுக்கு மட்டுமாவது கிணற்று நீரைப் பயன்படுத்துவது நடைமுறைக்கு ஒத்த வழி. மட்காத சாணத்தையும் ஆட்டுப்புழுக்கையையும் இலைப்பயிருக்கு மேலுரமாக இடுவதையும் தவிர்க்க வேண்டும்.

மூன்றாம் படி: சந்தைத் தண்ணீரைச் சோதித்தல்

கண்ணாடிபோல் தெளிவாக இருப்பது தூய்மைக்குச் சான்றாகாது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, எந்த 100 மில்லிலிட்டர் மாதிரியிலும் ஈ.கோலை இருக்கவே கூடாது என்கிறது. குளோரின் கலந்த நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எச்ச குளோரின், அதாவது செலவானது போக மிஞ்சி நிற்கும் குளோரின், இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. சரக்கைக் கழுவும் நீரும் தெளிக்கும் நீரும் இந்தக் குடிநீர்த் தரத்தில்தான் இருக்க வேண்டும். ‘கழுவத்தானே, குடிக்கவா போகிறோம்’ என்று சொல்வது வழக்கம். கொத்தமல்லியில் ஒட்டிய துளியைக் கடைசியில் யாரோ ஒருவர் விழுங்கத்தான் போகிறார்.

சந்தையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இரண்டு. முதலாவது ஹைட்ரஜன் சல்பைடு குப்பி. மருந்து பூசிய தாள் உள்ளே வைத்த குப்பியில் குறியிட்ட அளவுவரை நீரை நிரப்பி, மூடி, அறை வெப்பத்தில் ஒன்று முதல் இரண்டு நாள் வைத்தால், மலக்கலப்பு உள்ள நீர் கறுத்துவிடும். இரண்டாவது எச்ச குளோரின் சோதனை. டி.பி.டி. மாத்திரையைப் போட்டால் குளோரின் உள்ள நீர் இளஞ்சிவப்பாகும். அட்டையில் உள்ள நிறங்களோடு ஒப்பிட்டு அளவை அறியலாம். நீரை மஞ்சளாக்கும் ஆர்த்தோடோலிடின் கரைசல் இன்னும் பல இடங்களில் புழங்குகிறது. அது உடலுக்குத் தீங்கானது என்பதால், கிடைக்குமானால் டி.பி.டி.யையே பயன்படுத்துங்கள்.

குப்பி கறுத்தாலோ புதிய நீர்மூலத்தைத் தொடங்கும்போதோ ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் மாவட்டங்களில் உள்ளன. மாதிரி எடுப்பதில் நிகழும் பிழைகளே பல அறிக்கைகளைப் பயனற்றதாக்குகின்றன. ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய குப்பியை மட்டுமே பயன்படுத்துங்கள்; அதனுள் இருக்கும் சிறிதளவு மருந்து, குளோரினை முறித்து உண்மை நிலையைக் காட்டுவதற்காக இடப்பட்டது, அதைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள். குழாயின் வாயைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் நீரை ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தைத் தொடாமல் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே கொண்டு சேருங்கள். மேலும், தொட்டிக்கு வரும் குழாயில் ஒன்றும் கடைசிக் கடையின் குழாயில் ஒன்றுமாக இரண்டு மாதிரிகள் எடுத்தால், கெடுதல் வெளியிலிருந்து வருகிறதா உள்ளே நேர்கிறதா என்பது புரிந்துவிடும்.

நான்காம் படி: தொட்டியும் குளோரினும்

சந்தைகளில் பெரும்பாலும் குழாய் நீரோ டேங்கர் லாரி நீரோ ஒரு தொட்டியில் தேங்கித்தான் கடைகளுக்கு வருகிறது. மூடியில்லாத தொட்டி, காக்கையும் எலியும் எட்டும் தொட்டி, அடியில் சேறு படிந்த தொட்டி ஆகியவை வரும் நல்ல நீரையும் கெடுத்துவிடும். தொட்டியை வடித்து, சுவரையும் தரையையும் தேய்த்துக் கழுவி, சேற்றை வெளியேற்றிய பிறகு, ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் என்ற அளவில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து நிரப்பி ஒரு நாள் விட்டுவைக்க வேண்டும். பிறகு அந்த நீரை முழுவதும் வடித்து, புதுநீர் விட்டு அலசிய பின்னரே பயன்பாட்டுக்குத் திறக்க வேண்டும். அந்த ஒரு நாளும் குழாய்களைப் பூட்டி வைப்பது கட்டாயம். தூய்மை செய்த தேதியைத் தொட்டியின்மேல் பெயிண்டால் எழுதும் நம் ஊராட்சி வழக்கம் மிக நல்லது. எழுதப்படும் தேதி மெய்யாக இருந்தால் போதும்.

அன்றாடக் குளோரின் அளவைக் கணக்கிடுவது எளிது. நல்ல பிளீச்சிங் பவுடரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளோரின் உண்டு. ஆகவே ஆயிரம் லிட்டருக்கு 3 கிராம் பவுடர் இட்டால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் சேரும். ஐயாயிரம் லிட்டர் தொட்டிக்கு 15 கிராம். இதைக் கண்ணளவில் அள்ளிப் போடாமல், தங்கம் நிறுப்பதுபோன்ற சிறு மின்தராசு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பவுடரை நேராகத் தொட்டியில் கொட்டக் கூடாது. ஒரு நெகிழிக் குவளையில் குழைத்து, வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை பத்து நிமிடம் விட்டு, மேலுள்ள தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்க வேண்டும். அரைமணி நேரம் கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எச்சமாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். குறைந்தால் இன்னும் சிறிது சேர்த்து மறுபடி சோதியுங்கள்.

பவுடர் பழையதாகி, கட்டிதட்டி, நெடி குறைந்திருந்தால் கணக்கு முழுவதும் பொய்த்துவிடும். சிறு பொட்டலங்களாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில், ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு எந்நிலையிலும் கலக்காதீர்கள். அப்போது எழும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

ஐந்தாம் படி: கழுவுதல்

குளோரினுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு: மண்ணும் இலைக்கழிவும் கலந்த நீரில் அது கிருமியைத் தேடிச் செல்வதற்கு முன்பே செலவழிந்துவிடும். அதனால்தான் ஒரே தொட்டியில் நாள் முழுவதும் முக்கி எடுப்பது கழுவுவதாகாது, பரப்புவதாகும். மூன்று தொட்டிகள் வேண்டும். முதல் தொட்டியில் வெறும் நல்ல நீரில் மண் போக அலசுதல். கீரையாக இருந்தால் சேறு நிறைந்த வேர்நுனியை முன்பே வெட்டிவிடுவது நீரைக் காப்பாற்றும். இரண்டாம் தொட்டியில் நூறு லிட்டருக்கு 15 கிராம் பவுடரின் தெளிவு கலந்த நீர், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் குளோரின். இதில் இரண்டு நிமிடம் மூழ்கியிருக்க வேண்டும். மூன்றாம் தொட்டியில், அல்லது ஓடும் குழாயில், குடிநீரால் அலசி நீர் வடியவிட வேண்டும். இரண்டாம் தொட்டி கலங்கினால், நேரம் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் காரத்தன்மை மிகுந்தது. கார அமிலக் குறியீடு (pH) 8ஐத் தாண்டினால் குளோரின் மந்தமாகும். அதைச் சரிசெய்வதாக எண்ணி எலுமிச்சை உப்பை அளவின்றிக் கொட்டுவது இன்னொரு ஆபத்து. அமிலம் மிகுந்தால் இங்கேயும் குளோரின் வாயு எழும்பும்.

பலரும் அறியாத செய்தி ஒன்று இங்கே உண்டு. வெயிலில் சூடேறிய தக்காளியையோ மாங்காயையோ குளிர்ந்த நீரில் முக்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி, காம்பு இருந்த தழும்பு வழியாக நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த நீரில் கிருமி இருந்தால் அது சதைக்குள் சென்றுவிடும். பிறகு எவ்வளவு கழுவியும் பயனில்லை. 1999 டிசம்பரில் அமெரிக்காவில் 78 பேரைப் பாதித்த சால்மோனெல்லா நோய், பிரேசிலின் ஒரே பண்ணையிலிருந்து வந்த மாம்பழங்களோடு தொடர்புடையது என்று கண்டறியப்பட்டது. அங்கே பழ ஈயை அழிக்கப் பழங்களைச் சுடுநீரில் அமிழ்த்தி, உடனே திறந்த தொட்டியின் குளிர்நீரில் ஆற்றியிருந்தார்கள். சேலத்திலும் கிருஷ்ணகிரியிலும் மாம்பழப் பருவத்தில் தொட்டிநீரில் பழத்தை முக்கி எடுப்போர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். பழத்தை முதலில் நிழலில் ஆறவிட்டு, அதன் வெப்பத்தைவிடச் சற்று வெதுவெதுப்பான நீரில் கழுவுவதே முறை.

கேரட்டுக்கு நிலைமை வேறு. நீலகிரியில் கேத்தி பாலாடா போன்ற இடங்களில் உருளும் இயந்திரங்களில் கழுவப்பட்டுத்தான் அது மேட்டுப்பாளையம் வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. மண் போய்ப் பளபளக்கும் கேரட் ‘கழுவியது’ என்று நாம் நம்பி அப்படியே கடிக்கிறோம். உருளும்போது தோலில் நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. கழுவிய நீர் எத்தகையது என்பதை வாங்குபவர் பார்த்து அறிய வழியில்லை. பளபளப்பு மண் நீங்கியதற்கு மட்டுமே அடையாளம்.

ஆறாம் படி: கடையில் தெளிக்கும் தண்ணீர்

என் கருத்தில் சந்தையின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். அதைச் சரிசெய்ய ஆகும் செலவும் மிகக் குறைவு. கீரைக் கடையின் ஓரத்தில் ஒரு வாளி இருக்கும்; விற்பவர் அதில் கையை விட்டு அள்ளி அள்ளித் தெளிப்பார். அதே கை ரூபாய் நோட்டை எண்ணும், எடைக்கல்லைத் தூக்கும், தரையில் விழுந்த கட்டை எடுத்து வைக்கும், மீண்டும் வாளிக்குள் செல்லும். காலையில் பிடித்தபோது நன்றாக இருந்த நீர், பத்து மணிக்குள் எல்லோரது கைக்கும் பொதுவான கழுநீராகிவிடும். திறந்த வாளியில் வெயில் பட்டால் குளோரினும் சில மணி நேரத்தில் மறைந்துவிடும்.

வாளியை அகற்றிவிட்டு, மூடியில் ஊசியால் துளையிட்ட ஒரு லிட்டர் பாட்டில்கள் நான்கைந்தில் தொட்டிக் குழாயிலிருந்து நீரைப் பிடித்து நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். கை நீரைத் தொடுவதே இல்லை, நீரும் குறைவாகவே செலவாகும். பாட்டிலை நாள்தோறும் உள்ளே கழுவி, வாரம் ஒருமுறை குளோரின் நீரில் ஊறவைத்து அலசுங்கள். கீரைமேல் போர்த்தும் சணல் சாக்கு நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து கிருமிகளுக்கு வீடாகிவிடுகிறது. அதற்குப் பதிலாக வெளுத்த பருத்தித் துணிகள் இரண்டு வைத்துக்கொண்டு, ஒன்றைப் பயன்படுத்தும்போது மற்றதைத் துவைத்து வெயிலில் உலர்த்தலாம். இவை எல்லாவற்றையும்விடக் கீரையை வாடாமல் காப்பது நிழல். மேற்கூரையும் தரையிலிருந்து ஓரடி உயர்ந்த மேடையும் இருந்தால் தெளிக்க வேண்டிய முறை பாதியாகக் குறையும்.

கை, தரை, பெட்டி

சந்தைக்குள் சோப்பும் தண்ணீரும் உள்ள கழிப்பறை இல்லையென்றால் மேலே சொன்ன எல்லாம் வீண். பெண் விற்பனையாளர்கள் விடியற்காலை மூன்று மணிக்கு வந்து நண்பகல்வரை இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் நிலையில் அது இருக்கிறதா என்பதை நிர்வாகம் நாள்தோறும் பார்க்க வேண்டும். நெகிழிப் பெட்டிகளை மண் போகக் கழுவி, பத்து லிட்டருக்கு 6 கிராம் பவுடரின் தெளிவு கலந்த நீரில் நனைத்து, அலசி, கவிழ்த்து உலர்த்துங்கள். எலிச் சிறுநீர் கலந்த தேங்குநீர் எலிக்காய்ச்சலைப் பரப்பும் என்பதால், வடிகால் அடைப்பை மழைக்காலத்துக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். சரக்கு மூட்டையை ஈரத் தரையில் இறக்கவே கூடாது.

வெட்டிய பழமும் பனிக்கட்டியும்

தோல் இருக்கும்வரை தர்பூசணி தன்னைத் தானே காத்துக்கொள்ளும். கத்தி தோலைக் கடந்து செல்லும்போது வெளியழுக்கை உள்சதைக்கு எடுத்துச் செல்கிறது. இனிப்பும் ஈரமும் நிறைந்த அந்தச் சதையில் நுண்ணுயிரிகள் விரைவாகப் பெருகும். ஆகவே முழுப்பழத்தைக் கழுவித் துடைத்த பிறகே வெட்ட வேண்டும். வெட்டியதை 5 பாகை செல்சியசுக்குக் கீழ் வைக்க இயலாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளும், நம் கோடையில் ஒரு மணி நேரத்துக்குள்ளும் விற்றுத் தீர்க்க வேண்டும். மீன் பெட்டிக்கென்று தயாராகும் பனிப்பாளம் குடிநீரால் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதில்லை. அதன்மேல் பழத்துண்டுகளை நேரடியாக அடுக்குவது பெரும் தவறு. முளைகட்டிய பயறுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2011இல் ஜெர்மனியில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறக்கக் காரணமானது நமக்கு நன்கு தெரிந்த வெந்தயத்தின் முளைகள்தாம். தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காயின்மேல் வீண்பழி விழுந்து, அந்நாட்டு உழவர்கள் பெரும் நட்டம் அடைந்தது தனிக்கதை. பயறு முளை கட்டுவதற்கு வேண்டிய வெதுவெதுப்பும் ஈரமும் கிருமிக்கும் ஏற்றவை. ஆவியில் ஒரு கொதி காட்டி உண்பது நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு

குடிநீரால் நன்கு அலசினால் பரப்பில் உள்ள நுண்ணுயிரிகள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறையும், முழுவதும் நீங்கிவிடாது. உப்பும் மஞ்சளும் போட்ட நீரில் ஊறவைப்பது நம் வீடுகளின் வழக்கம். அது புழுக்களையும் சிறு பூச்சிகளையும் வெளியேற்ற உதவும், குளோரினுக்கு ஈடாகாது. குளோரினாலும் ஆகாதவை உண்டு: உருளைப்புழு, நாடாப்புழு முட்டைகளுக்கு அந்த அளவுக் குளோரின் ஒரு பொருட்டல்ல. மூளையில் கட்டியாகி வலிப்பை உண்டாக்கும் நாடாப்புழு முட்டை, மலம் கலந்த நீர்பட்ட கீரையிலும் ஒட்டியிருக்கலாம். அவற்றை நீக்க ஒரே வழி, ஓடும் நீரில் இலை இலையாகத் தேய்த்து உதிர்ப்பதுதான். சோப்பு, பாத்திரம் துலக்கும் திரவம் ஆகியவற்றைக் காய்கறியில் பயன்படுத்தக் கூடாது. அவை இலைக்குள் தங்கிவிடும்.

வாங்கி வந்தவுடன் எல்லாவற்றையும் கழுவிக் குளிர்சாதனப் பெட்டியில் அடுக்குவதையும் தவிர்க்கலாம். ஈரம் தங்கிய கீரை விரைவில் குழைந்துபோகும். கொத்தமல்லியைப் பொறுத்தவரை, கட்டைப் பிரித்து, வேரையும் அழுகிய தாள்களையும் நறுக்கி எறிந்து, உலர்ந்த துணியில் சுற்றி வைத்துவிட்டு, சமைக்கும் நேரத்தில் வேண்டியதை மட்டும் எடுத்து, அகன்ற பாத்திரத்தில் நிறைய நீர் விட்டு அலசுங்கள். அலசிய பிறகு பாத்திரத்தைச் சாய்த்து நீரை ஊற்றினால் அடியில் இறங்கிய மண் மீண்டும் இலையின் மேலேயே படியும். ஆகவே கையால் இலையை மேலே தூக்கி எடுத்துவிட்டுப் பிறகு நீரைக் கொட்டுங்கள். அடியில் மண் தெரியாதவரை, மூன்று முறையோ நான்கு முறையோ, புதுநீரில் இதையே செய்து, முடிவில் குழாய் நீரில் காட்டி உதறி எடுத்தால் தூவுவதற்கு அது தயார்.